ஏ.எஃப். படபடப்பு வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்? – வாசகர் கேள்வி பதில்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஏ.எஃப்.’ என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். இதை வீட்டிலேயே நிறுத்த வழி உண்டா என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்கள் இந்த இதழில்.

கேள்வி: எங்க நைனாவுக்கு 61 வயசு. காசிமேட்டில் வலை பின்னுகிறார். மாசத்துக்கு ரெண்டு தடவை ஏ.எஃப். வரும், மூணு நாலு மணி நேரம் இருக்கும், போய்விடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு முக்கினால் நிற்கும், ஐஸ் தண்ணியில் முகத்தை அமுக்கினால் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செய்தோம். ரெண்டு தடவை நின்றது. தொடர்ந்து செய்யலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: நின்றது உண்மைதான். ஆனால் முக்கியதால் நின்றதா? மூன்று, நான்கு மணி நேரத்தில் தானாக அடங்கும் வழக்கம் உள்ளவருக்கு, மூன்றாவது மணி நேரத்தில் என்ன செய்தாலும் அதுதான் நிறுத்தியது போலத் தெரியும். முக்கினாலும் சரி, மிளகு ரசம் குடித்தாலும் சரி. நெதர்லாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.எஃப். தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் அவர்களில் 69 சதவீதம் பேருக்குத் துடிப்பு தானாகவே சீரானது. ‘எனக்கு நின்றது’ என்று யார் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

முக்குவதும் குளிர்ந்த நீரும், இதய வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ‘ஏ.வி. கணு’ என்று ஒன்று இருக்கிறது. வேகஸ் தூண்டப்பட்டால் அந்தக் கணுவில் மின்சாரம் சற்றுத் தடைபடும். எஸ்.வி.டி. என்று வேறொரு படபடப்பு உண்டு. அதன் பெரும்பாலான வகைகளில் மின்சாரம் அந்தக் கணு வழியாகவே வட்டமடிக்கிறது. அங்கே ஒரு கணம் தடுத்தால் வட்டம் அறுந்துபோகும், படபடப்பு சட்டென்று நிற்கும். ஏ.எஃப்.-ல் கோளாறு மேலறையில் இருக்கிறது, பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடத்தில். கணு அங்கே வெறும் வாசற்கதவு. கதவைச் சாத்துவதால் வீட்டுக்குள் நடக்கிற கலாட்டா நிற்காது. துடிப்பு கொஞ்ச நேரம் குறையும், விட்டதும் பழையபடி ஏறும்.

எஸ்.வி.டி. திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 150-க்கு மேல் இருக்கும், ஆனால் தையல் மெஷின் ஓடுவது போல ஒரே சீராக அடிக்கும். ஏ.எஃப்.-ல் சீரே இருக்காது. இரண்டு அடி நெருங்கி வரும், ஓர் இடைவெளி விழும், அடுத்து மூன்று வரும். நைனாவின் பழைய ஈ.சி.ஜி. தாள்களை எடுத்துக்கொண்டு போய், இரண்டில் எது என்று டாக்டரிடம் திட்டவட்டமாகக் கேளுங்கள். சிலருக்கு இரண்டுமே இருக்கும்.

எஸ்.வி.டி. என்று உறுதியானவர்கள் முக்கும் முறையைச் சரியாகச் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்து முக்குவதில் அழுத்தம் பெரும்பாலும் போதாது. மெடிக்கலில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, சிரிஞ்சின் நுனியை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி விடாமல் ஊத வேண்டும். முடிந்த உடனே தலையணையை உருவி மல்லாக்கப் படுக்கவைத்து, இன்னொருவர் இரண்டு கால்களையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். பலரும் காலைத் தூக்க மறந்துவிடுகிறார்கள். பலன் அதில்தான் இருக்கிறது. 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் உட்கார்ந்தபடி வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்கு நின்றது, படுக்கவைத்துக் கால் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. அந்த ஆய்வில் ஏ.எஃப். நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை.

நைனாவுக்கு ஏ.எஃப். மட்டும்தான் என்றால் இதில் நேரத்தை விட வேண்டாம். சிலருக்கு வேகஸ் தூண்டலே ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டதும், தூக்கத்தில், ஐஸ் தண்ணியை மடமடவென்று குடித்ததும் வருகிறது என்று சொல்பவர்கள் இந்த வகை. அவர்களுக்கு ஐஸ் தண்ணி வைத்தியம் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான்.

கழுத்து நாளத்தை நீவுவது, மூடிய கண்ணை அழுத்துவது இரண்டையும் எந்தப் படபடப்புக்கும் வீட்டில் செய்யக் கூடாது. கழுத்து நாளத்தில் கொழுப்புப் படிவு இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம். கண்ணில் விழித்திரை கிழியலாம். ‘பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம்’ என்று வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் செய்திக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மாரடைப்புக்கும் அது உதவாது.

கேள்வி: அப்படியானால் ஏ.எஃப். தொடங்கியதும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?
– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: உட்காரத்தான் வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு இல்லை. முதல் வேலை, மணி பார்த்து எழுதுவது. காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ‘செவ்வாய், இரவு 9.40, சாப்பிட்டு எழுந்ததும்’ என்று எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யலாமா என்பதை இந்த நேரம்தான் தீர்மானிக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்காதவருக்கு 24 மணி நேரம் தாண்டிவிட்டாலோ எப்போது தொடங்கியது என்றே தெரியாவிட்டாலோ, மேலறையில் ரத்தக் கட்டி சேர்ந்திருக்கலாம் என்று யோசிப்பார்கள். உணவுக்குழாய் வழியாக எக்கோ (இதய ஸ்கேன்) பார்ப்பார்கள், அல்லது மூன்று வாரம் மாத்திரை கொடுத்த பிறகுதான் ஷாக் கொடுப்பார்கள். ‘ராத்திரிதான் ஆரம்பிச்சுது’ என்று குத்துமதிப்பாகச் சொல்வது இந்த இடத்தில் ஆபத்து.

அடுத்து நாடி. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழுசாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் ஏ.எஃப்.-ல் கணக்குத் தப்பும். சில துடிப்புகள் வலுவில்லாமல் மணிக்கட்டு வரை வந்து சேராது என்பதால், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணினால் 130, கையில் 105 என்று வரலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே தவறைச் செய்யும். பி.பி. மெஷினில் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

சட்டையைத் தளர்த்தி, காற்றாடிக்குக் கீழே சாய்ந்து உட்காரட்டும். நாலு நொடி மூச்சை இழுத்து ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். பத்து நிமிடம் இப்படிச் செய்தால் பயம் குறையும், பயத்தால் ஏறிய துடிப்பும் இறங்கும். ஏ.எஃப். இதனால் நின்றுவிடாது. கபாலபாதி போல வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளை அந்த நேரத்தில் தொடவே வேண்டாம்.

வெயிலில் வேலை பார்த்தோ வயிற்றுப்போக்காலோ உடம்பு வற்றியிருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்குத் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். ஒரு டம்ளர் தண்ணியில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிட்டால் உப்பு மிதமிஞ்சி, வயிற்றுப்போக்கும் தாகமும் கூடும். இதய வீக்கம், கால் வீக்கம் என்று தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

டாக்டர் ‘படபடப்பு வந்தால் கூடுதலாக ஒன்று’ என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் அந்த மாத்திரை. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலை, சீட்டில் எழுதாமலே பயத்தில் இரண்டு மூன்று போட்டுக்கொண்டு பி.பி. விழுந்து மயங்குவதும் உண்டு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, மேல் பி.பி. 90-க்குக் கீழ், ஒரு பக்கம் கை கால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், 108. பைக்கில் நடுவில் உட்காரவைத்து எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் மயங்கினால் பிடிக்க முடியாது. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தும் ஓரிரண்டு மணி நேரமாக நாடி 120-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஏ.எஃப். முதல்முறையாக வருகிறது என்றால் அறிகுறி லேசாக இருந்தாலும் உடனே ஈ.சி.ஜி. நின்ற பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி.-யில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால்தான் ஏ.எஃப். வருகிறதாம். தினமும் இரண்டு இளநீர், நாலு வாழைப்பழம், ஒரு மெக்னீசியம் மாத்திரை எடுத்தால் வராமல் இருக்குமா? எனக்கு பி.பி., சுகர் உண்டு.
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: குறைந்தால் வரும் என்பது சரி. குறையாத இடத்தில் மேலும் கொட்டினால் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓர் இளநீரில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒன்று குடித்தால் பாதகமில்லை. உங்களுக்கு சுகர் இருக்கிறது, அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் இரண்டு இளநீரும் நாலு பழமும் வேண்டாம். பி.பி.-க்கு டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும். ரத்தப் பரிசோதனையில் அதன் சரியான அளவு 3.5 முதல் 5 வரை. 6-ஐத் தாண்டினால் ஏ.எஃப்.-ஐவிட மோசமான துடிப்புக் கோளாறுகள் வரும், இதயம் நின்றே போகலாம்.

மெக்னீசியத்தில் வேறொரு கதை. நீர் பிரியும் மாத்திரையால் அது குறையும். ‘கேஸ்’ என்று வருஷக்கணக்கில் வெறும் வயிற்றில் போடுகிறோமே பான்டோபிரசோல், ஒமேபிரசோல், அவற்றாலும் குறையும். இரண்டையும் சாப்பிடுகிறவர் ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். குறைந்திருந்தால் மாத்திரை உதவும். கடையில் தானாக வாங்கிப் போட்டால் பலருக்கு முதலில் கிடைப்பது வயிற்றுப்போக்குதான், அதில் பொட்டாசியமும் சேர்ந்து போகும்.

கேள்வி: வால்வு சுருக்கம், கூடவே ஏ.எஃப். என்று அம்மாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் கொடுத்திருக்கிறார்கள். மருதம்பட்டைக் கஷாயம், பாலில் வேகவைத்த பூண்டு, இருமலுக்கு அதிமதுரம், மூன்றும் வீட்டில் நடக்கிறது. கீரையை அடியோடு நிறுத்திவிட்டோம். சரியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அதிமதுரத்தை நிறுத்துங்கள். அது பொட்டாசியத்தைக் குறைத்து பி.பி.-யை ஏற்றும். நீர் பிரியும் மாத்திரையும் டிஜாக்சின் என்ற இதய மாத்திரையும் சேர்ந்து எடுப்பவருக்கு அதுவே துடிப்பைத் தாறுமாறாக்கப் போதும். இருமல் நிற்கவில்லை என்றால் அது நுரையீரலில் நீர் தேங்கும் இருமலாகவும் இருக்கலாம். வால்வு சுருக்கம் உள்ளவர் படுத்தால் இருமினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருதம்பட்டைக்கு இதய மருந்து என்று நீண்டகாலப் பெயர் உண்டு. ஆனால் ஏ.எஃப்.-ஐ நிறுத்துகிறது என்று காட்டிய நல்ல ஆய்வு கிடையாது. அசிட்ரோம் குறுகிய எல்லைக்குள் வேலை செய்யும் மருந்து. ரத்தம் உறைவதை அந்த மருந்து எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஐ.என்.ஆர். வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும், செயற்கை வால்வுக்கு டாக்டர் வேறு அளவு சொல்வார். இன்று கஷாயம் உண்டு, அடுத்த வாரம் இல்லை என்றால் ஐ.என்.ஆர். எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று யாருக்கும் புரியாது. குழம்பில் போடும் பூண்டு பரவாயில்லை. பாலில் தினம் பத்துப் பல், பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். நாட்டு மருந்து எதையாவது தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பாருங்கள்.

கீரையை நிறுத்தியது தேவையில்லாத வேலை. முருங்கைக்கீரை, அரைக்கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் வாரா வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். வாரம் இரண்டு நாள், ஒரு கரண்டி என்று வைத்துக்கொண்டால் மருந்தின் அளவை டாக்டர் அதற்கேற்ப வைப்பார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்று மூன்று நாள் தொடர்ந்து பொரியல் செய்தால்தான் சிக்கல்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும், மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதையும் அளவோடு. இன்னொன்று: ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு அது ஒத்துவராது. 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் பழைய மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள்.

கேள்வி: இதயத்துக்கு நல்லது என்று மீன் எண்ணெய் கேப்சூல் தினம் நாலு போடுகிறேன்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். தினம் ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு ஏ.எஃப். கூடுதலாக வந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசிமேட்டில் இறங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் குழம்பில் இருந்தால் போதும். கருவாடு உப்பு, பி.பி.-க்கு ஆகாது.

கேள்வி: டீ, காபியை விட்டுவிட்டேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்தான் எனக்கு ஏ.எஃப். வருகிறது. என்ன காரணம்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பாவம் காபி. பெரும்பாலானவர்களுக்கு அது ஏ.எஃப்.-ஐக் கொண்டுவருவதில்லை, அளவோடு குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன நடக்கிறது என்று பாருங்கள். குடி என்றால் காரணம் அதுதான். ஆஸ்திரேலியாவில் ஏ.எஃப். உள்ள குடிப்பழக்கத்தினர் 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்ப வந்தது குடித்தவர்களில் 73 சதவீதம், விட்டவர்களில் 53 சதவீதம். கைவைத்தியம் என்று தேடுகிறவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத ஒன்று கிடைக்காது.

குடி இல்லை என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பிளேட் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) மேலே ஒரு கூல்டிரிங்க்ஸும் உள்ளே போய், உடனே படுத்துவிடுவதாக இருக்கலாம். வயிறு நிரம்பிப் படுக்கும்போது எதுக்களிப்பும் வேகஸும் சேர்ந்துகொள்ளும். சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்து, மூன்று மணி நேரம் கழித்துப் படுத்து, ஒரு மாதம் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் குறட்டையைப் பற்றியும் கேளுங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் தூக்கப் பரிசோதனை அவசியம். அதைக் கவனிக்காமல் விட்டால் மாத்திரையும் சரி, கோளாறான இடத்தைச் சுட்டு அடக்கும் அப்லேஷனும் சரி, பாதி வேலைதான் செய்யும். எடை கூடியிருந்தால் பத்து சதவீதம், அதாவது 80 கிலோவுக்கு 8 கிலோ, இறக்குவது பல மருந்துக்குச் சமம். ஜலதோஷத்துக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் துடிப்பை ஏற்றும், அந்தச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் அண்ணன் ஏ.எஃப். வந்தால் பாக்கெட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், ரெண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறதாம். அதையே இங்கே வாங்கிப் போடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அண்ணன் சொல்வது நிஜம். ஃப்ளெக்கனைட் அல்லது புரோபஃபனோன். வீட்டிலேயே ஏ.எஃப்.-ஐ நிறுத்தும் என்று ஆய்வில் நிரூபிக்கப்பட்ட வழி இது. 2004-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 94 சதவீதத் தடவைகளில் நின்றது, சராசரி இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் அந்த ஆய்வில் முதல் வேளை மாத்திரையை ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்த்து, தேறியவர்களுக்கு மட்டும்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், இதயச் சுவர் தடித்தவர் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆரோக்கியமான இதயத்திலும் இது ஏ.எஃப்.-ஐ ஃப்ளட்டர் என்ற இன்னொரு மேலறைத் துடிப்புக் கோளாறாக மாற்றி, கீழறையை 200-க்கு மேல் ஓடவைக்கலாம். அதைத் தடுக்கத்தான் மெட்டோப்ரோலால் போன்ற மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எடைக்கு ஏற்ற அளவு, 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான், போட்டதும் துடிப்பு நிற்கும் வரை அல்லது நாலு மணி நேரம் உட்கார்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும். எக்கோவும் ஈ.சி.ஜி.-யும் எடுத்துக்கொண்டு போய் இதய மருத்துவரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். அண்ணனின் அட்டையிலிருந்து ஒன்று பிய்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 68, பி.பி. உண்டு. ஏ.எஃப். வந்தால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும், ஆறு மாதமாக வரவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அபிக்ஸபான் மாத்திரையை நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்கு ஆஸ்பிரின் மட்டும் போடலாமா?
– வாசகி, மணலி

பதில்: கூடாது. பக்கவாத அபாயத்தைத் தீர்மானிப்பது எத்தனை மணி நேரம் அடித்தது என்பதைவிட உங்கள் வயது, பி.பி., சுகர், இதய பலவீனம், முன்பு வந்த வாதம் இவைதான். இந்த அபாயத்துக்கு டாக்டர்கள் போடும் கணக்கில், 65 தாண்டியதற்கு ஒன்று, பி.பி.-க்கு ஒன்று என்று உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு மதிப்பெண். மாத்திரை தேவை என்பதற்கு அது போதும். படபடப்பு இல்லாமலே வந்து போகும் ஏ.எஃப்.-ம் உண்டு, தூக்கத்தில் வந்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. ஆஸ்பிரின் மேலறையில் சேரும் ரத்தக் கட்டியைத் தடுப்பதில் மிகப் பலவீனம், ரத்தக் கசிவை மட்டும் கொண்டுவரும்.

அபிக்ஸபான் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை 8, இரவு 8 என்று போனில் அலாரம் வையுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக நிறுத்தாமல் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரைப் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். வாதம் வந்து ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.